பால்வாடிப் பிள்ளைகள் செய்த செய்முறை

என் தொழில் மைக்செட். கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதல் நாளே போய்ப் பெட்டி இறக்கி ஒயர் இழுத்துவிடுவேன். அதோடு வேலை முடியாது. செய்முறை வாசிப்பதும் நான்தான். விசேஷ வீட்டுக்கு வருகிறவர்கள் பணம் வைப்பார்கள், அண்டா வைப்பார்கள், தாய்மாமன் என்றால் ஆட்டுக்கிடாயும் மோதிரமும் வரும். யார் வகையில் என்ன வந்தது என்று ஊருக்கே கேட்கும்படி மைக்கில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செய்முறை என்பது அன்பளிப்பு இல்லை. வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும், கூட ஏதாவது சேர்த்து. அதில் தவறினால் பேச்சுவார்த்தை நின்றுபோகும், சம்பந்தமே முறியும். பெண்டாட்டி பிறந்த மாதம் தெரியாதவருக்குக்கூட, மச்சான் வீட்டுக் காதுகுத்தில் தான் வைத்த அண்டா எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது மறக்காது. இப்படிப்பட்ட ஊர்தான் வீட்டு வரி கட்டிவிட்டு ரசீதை எங்கேயோ சொருகி வைக்கும். அந்தப் பணம் என்ன ஆனது என்று ஒருவரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நானும் அந்த ஜாதிதான், என் மகளுக்குக் காய்ச்சல் வரும்வரை.

அவளுக்கு நான்கு வயது. எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். போர்டில்தான் அங்கன்வாடி, வாயில் எல்லோருக்கும் பால்வாடி. காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. கம்பத்தில் டாக்டரம்மா மூத்திரம் சோதித்துப் பார்த்துவிட்டு, கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். “பிள்ளை தண்ணியே குடிக்கிறதில்லையா? ஒண்ணுக்கு அடக்கி வைக்கிறாளா?” என்று கேட்டார். என் மனைவி மகளைப் பார்த்தாள். வீட்டில் இருந்தால் நன்றாகக் குடிப்பாள். ஆனால் பால்வாடிக்குக் கொடுத்துவிடுகிற பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வரும். விளையாட்டில் மறந்துவிடுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் உட்கார்த்தி வைத்து அவள் அம்மா கேட்டாள். “ஏத்தா, பாட்டில்ல இருக்குற தண்ணிய ஏன் குடிக்க மாட்டேங்குற?”

“குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல.”

“வந்தா டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதான?”

“அங்கன போக எடம் இல்லம்மா. வெளிய போனா ரோட்டுல நிக்கிற அண்ணனுங்க சிரிக்கிறாய்ங்க.”

பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பால்வாடிக்குக் கழிப்பறை கட்டியாகிவிட்டது. அதன் திறப்பு விழாவுக்கு மைக் கட்டியதே நான்தான்.

மறுநாள் காலையில் நேரே பால்வாடிக்குப் போனேன். கழிப்பறைச் சுவரில் வாத்தும் மாம்பழமும் சிரிக்கிற சூரியனும் புதுக் கருக்கு மாறாமல் இருந்தன. திறந்து வைத்தவர்களின் பெயர்கள் பொறித்த கல் பளபளவென்று இருந்தது. கதவில் பூட்டு. டீச்சர் சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே பிள்ளைகள் உட்காரும் அளவுக்குச் சின்னப் பீங்கான், மேலே டைல்ஸ், எல்லாம் அழகாக இருந்தது. குழாயைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது.

“லைனே குடுக்கலண்ணே, டேங்க்கும் வைக்கல” என்றார் டீச்சர். “தண்ணி இல்லாம பிள்ளைகள விட்டா ரெண்டே நாள்ல நாறிப்போகும். அதான் பூட்டி வச்சிருக்கேன். நானும் எழுதிக் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்.” முன்பு பிள்ளைகளைப் பின்பக்கத் தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போவார்களாம். தோப்புக்காரர் சத்தம் போட்ட பிறகு அதுவும் இல்லை. டீச்சர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை.

குழாய்க்கும் டேங்க்குக்கும் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கழிப்பறை கட்டுவதற்கு முந்தின ஒரு கிராம சபையில், என் மைக்கில்தான், பஞ்சாயத்துத் தலைவர் பேசினார். வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றப்போகிறோம், ஏற்றுகிற காசு அத்தனையும் பால்வாடிக்கு, கழிப்பறைக் கட்டடம் அரசாங்கத் திட்டத்தில் வருகிறது, தண்ணீர் வசதி நம் ஊர்ப் பணத்தில் செய்துகொள்ளலாம் என்றார். பிள்ளைகளுக்கு என்றதும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினேன். ஏற்றின வரியை மறுபேச்சு இல்லாமல் கட்டியும்விட்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்குத் தம்பி மட்டும் இருந்தான். பால்வாடிக்கு ஒதுக்கின வரிப் பணம் என்ன ஆனது என்று கேட்டேன்.

“செலவாயிருச்சுண்ணே.”

“எதுக்கு?”

“பால்வாடிக்குத்தான்.”

“அங்கன குழாயத் திருகுனா காத்துல்லப்பா வருது.”

அவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். வெளியே வரவு செலவு ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். போய்ப் பார்த்தேன். ‘அங்கன்வாடி மேம்பாடு’ என்று போட்டு, எதிரே ஒரே தொகை. என்ன மேம்பட்டது என்று அதில் இல்லை.

அரசாங்கக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விசேஷத்துக்கு என்னென்ன செலவாகும் என்பது அத்துப்படி. பந்தல்காரர், பூ கட்டுகிறவர், ஃபிளக்ஸ் அடிக்கிறவர், சமையல் மாஸ்டர் எல்லோரோடும் வாரத்தில் பாதி நாள் ஒரே இடத்தில்தான் சாப்பிடுகிறேன். பால்வாடி சம்பந்தமாக ஊரில் கடைசியாக நடந்தது அந்தத் திறப்பு விழாதான். அதற்குக் காசு கொடுத்தது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினேன். போடியில் ஒரு கல்யாணத்தில் பந்தல்காரரைப் பிடித்தேன். பெரியகுளத்தில் ஒரு சடங்கு வீட்டில் சமையல் மாஸ்டரைப் பிடித்தேன். ஃபிளக்ஸ் கடைக்குத் தேனி வரை போய்வந்தேன். ஒருவரும் மறைக்கவில்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பஞ்சாயத்துச் செக்.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்ததும் செக்தானே.

மனைவி திராட்சை வெட்டப் போய்விட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அப்ப பாப்பா குழாய்த் தண்ணியில நாமளும் ஒரு சொம்பு மோந்துட்டமா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கிளார்க்கிடம் மறுபடி போனேன். “விழாச் செலவ ஏன்ப்பா பால்வாடிக் காசுல எடுத்த?”

“வேற எதுலண்ணே எடுக்குறது? பால்வாடிக்கு விழா, பால்வாடிக் காசு” என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. “சத்தியமா யாரும் ஒத்தப் பைசா வீட்டுக்குக் கொண்டுபோகலண்ணே. அம்புட்டும் விழாவுக்குத்தான் செலவு.”

நம்பினேன். அதனால் கோபம் கூடத்தான் செய்தது. திருடன் என்றால் கையைப் பிடித்துவிடலாம். வடைக்கும் சால்வைக்கும் செலவழித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் செய்துவிட்டோம் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்களை எங்கே பிடிப்பது?

தலைவர் எனக்கு மாமா முறை. கெட்டவர் இல்லை. ராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் தன் காரை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆனால் எதையும் கொட்டும் மாலையும் இல்லாமல் செய்ய அவருக்குத் தெரியாது. தெருவிளக்குப் பல்பு மாற்றினாலும் தேங்காய் உடைக்கிற மனுசன்.

“மாப்ள, விழா வைக்காம ஒரு காரியம் செஞ்சா, செஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்?” என்றார். “அடுத்த திட்டத்துல பணம் வருது. கொஞ்சம் பொறுத்துக்க.”

“நான் பொறுப்பேன் மாமா. நாலு வயசுப் பிள்ளைக்கு அவசரம் வந்தா பொறுக்குமா?”

“அம்புட்டுச் சங்கடமா இருந்தா வேன்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பிரு. உனக்கென்ன சம்பாத்தியமா இல்ல?” என்று தோளில் தட்டினார். பிறகு ஞாபகம் வந்தவராக, “ஐப்பசியில பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன். ஊரையே கூப்பிடப்போறேன். மைக்கு நீதான்” என்றார்.

வேனில் அனுப்பு என்ற பேச்சுதான் என்னை முறுக்கேற்றியது. என் மகளை அனுப்பிவிடலாம். கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எங்கே போகும்? காசு நான் கட்டினது, கழிப்பறை என் ஊரில் இருக்கிறது, நான் ஏன் ஓட வேண்டும்? அந்தக் குழாயில் தண்ணீர் வராமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை வந்தது. வழக்கம்போல மைக் என்னுடையது. என்ன பேசுவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பொது நிதி, ஒதுக்கீடு என்று ஆரம்பித்ததுமே மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். “இப்படிப் பேசுனா பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிருவாக. நீங்க தெனமும் மைக்குல என்ன பேசுறீக? அதையே பேசுங்க” என்றாள்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் வேப்பமரத்தடியில் கூட்டம். கிளார்க்கு வரவு செலவை ஒரே மூச்சில் வாசித்தான். ‘அங்கன்வாடி மேம்பாடு’ வந்த வேகத்தில் போனது. அவன் முடித்ததும் மைக்கை வாங்கினேன். “தலைவர் மாமா, ஒரு செய்முறை விட்டுப்போச்சு. வாசிச்சிரட்டுமா?” என்றேன். ஏதோ வேடிக்கை என்று நினைத்து, வாசி வாசி என்று கையை ஆட்டினார்.

விசேஷ வீட்டுக் குரலை எடுத்தேன்.

“பால்வாடிப் பிள்ளைகள் வகையில், திறப்பு விழாவுக்குப் பந்தல், சேர், ஜமுக்காளம். பால்வாடிப் பிள்ளைகள் வகையில், வந்திருந்த பெரியவர்களுக்குக் கேசரி, உளுந்தவடை, காப்பி. பால்வாடிப் பிள்ளைகள் வகையில், தலைவர் அவர்களுக்கு ஆளுயர மாலை, சால்வை. பால்வாடிப் பிள்ளைகள் வகையில், ரோட்டு முக்கில் ஃபிளக்ஸ்.”

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. தலைவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

“பால்வாடிப் பிள்ளைகள் வகையில், மைக்செட்டு வாடகை” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “இது நான் வாங்குனது. கூட நூத்தி ஒண்ணு சேத்துத் திருப்பிச் செய்யுறேன்.”

சிரிப்பு நின்றது.

“வடை தின்ன யார் மேலயும் தப்பு இல்ல. எனக்கும் குடுத்தாக, நானும் தின்னேன். ஆனா அது பிள்ளைகளோட குழாய்க் காசு, டேங்க்குக் காசு. அதுக்குன்னுதான் நாம வீட்டு வரிய ஏத்திக் கட்டுனோம். இப்ப அதுக ஒண்ணுக்குப் போக வழியில்லாம, தண்ணி குடிக்காமக் கெடக்குதுக. என் மகளுக்குக் காய்ச்சலே அதுலதான் வந்துச்சு. நாலு வயசுப் பிள்ளைக ஊருக்கே செஞ்சிருக்குக. நாம எப்பத் திருப்பிச் செய்யப்போறோம்?”

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. விசேஷங்களில் எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. தலைவர் முகம் கறுத்துவிட்டது. “மாப்ள, இதச் சபையில வச்சா பேசணும்?” என்றார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். அவளுக்கு அவர் சித்தப்பா முறை.

“சித்தப்பா, அடுத்த மாசம் உங்க பேரனுக்குக் காதுகுத்து. நாங்க எல்லாரும் செய்ய வேண்டியவகதான். ஆனா வாங்குன செய்முறையத் திருப்பிச் செய்யாத வீட்டுக்கு மறுபடி யாரும் செய்ய மாட்டாக. அது உங்களுக்குத் தெரியாததில்ல. மொதல்ல பால்வாடிக்குச் செய்யுங்க, பெறகு நாங்க வாரோம்.”

அவள் சத்தம்போடவில்லை, மைக்கும் கேட்கவில்லை. சுற்றியிருந்த பெண்கள் “அதானே” என்றார்கள். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாளே காதுகுத்துக்கு வேறு மைக்செட் சொல்லிவிட்டார் என்று சேதி வந்தது. அவர் சொந்தக்காரர்கள் கொடுத்திருந்த இரண்டு விசேஷமும் கைவிட்டுப் போனது. சும்மா கிடக்காத வாயால் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டாய் என்று என் காதுபடவே பேசினார்கள். பயமாகத்தான் இருந்தது. வீட்டுச் செலவு மனைவியின் கூலியில் ஓடியது. அவள் மதியம் தோட்டத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, மகளை வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்றுக்கு இருக்கவைத்து, தண்ணீர் குடிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவிடுவாள். நான் காலையில் மகளை விடப் போகும்போது சாவி வாங்கிக் குழாயைத் திருகிப் பார்ப்பேன். டீச்சருக்கே என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. காற்றுதான் வந்தது. பரவாயில்லை, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஒருநாள் பந்தல்காரர் தன் வண்டியில் பிளாஸ்டிக் பைப் கட்டுகளைக் கொண்டுவந்து பால்வாடி வாசலில் போட்டார். “நானும் வாங்குன ஆளுதானப்பா” என்று மட்டும் சொன்னார். சமையல் மாஸ்டர் இரண்டு பித்தளைக் குழாய் கொடுத்தனுப்பினார். அவர்கள் உழைத்துச் சம்பாதித்த காசு, திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. அதையும் சொன்னேன், கேட்கவில்லை.

அதற்குள் தலைவர் வீட்டில் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகையோடு அவருடைய மனைவியும் மருமகளும் வீடுவீடாக ஏறினார்கள். பெண்கள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள், குங்குமம் எடுத்துக்கொண்டார்கள், பத்திரிகையையும் மரியாதையாக வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு ஒரே கேள்விதான். “டேங்க்கு வச்சாச்சா மதினி?” உறவுமுறை மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது. கடைசியில் அந்த அம்மா பாதித் தெருவிலேயே திரும்பிவிட்டாராம். அன்றைக்குத் தலைவர் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் காலை நேரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. என்ன விசேஷம் என்று வெளியே வந்தேன். லோடு ஆட்டோவில் கறுப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று, அதற்குச் சம்பங்கி மாலை. முன்னால் தலைவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பழத்தட்டு ஏந்தி, தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல நடந்து வந்தார். பின்னால் பிளம்பர், அவருக்குப் பின்னால் கிளார்க்கு. இந்த மனுசனைத் திருத்தவே முடியாது என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது.

“மாப்ள, மைக்கு எங்க?”

“மைக்கு கெடக்கட்டும் மாமா. இந்த டேங்க்கு எந்தக் காசு?”

“என் தோட்டத்துத் திராட்சை வித்த காசுடா.”

“கொட்டு?”

“அதும் என் காசுதான். போதுமா?”

கிளார்க்கைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினான். பந்தல்காரரின் பைப், மாஸ்டரின் குழாய், மேசையில் நான் வைத்த பணத்தில் பிளம்பர் கூலி என்று சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. டீச்சர் குழாயைத் திருகினார். கொஞ்சம் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்து வந்தது. தலைவரே கையில் பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் பால்வாடி விட்டு வந்த மகள் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். என் மனைவி பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அந்தக் காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

காதுகுத்துக்கு மைக் என்னிடமே திரும்பி வந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். தாய்மாமன் சீர் முடிந்து, சொந்தங்கள் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தபோது, பால்வாடித் தாய்மார்கள் சேர்ந்தாற்போல வரிசையில் வந்தார்கள். முன்னால் என் மனைவி, தட்டில் ஒரு பித்தளைக் குடமும் ஒரு கவரும். சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தேன். படியுங்கள் என்று கண்ணைக் காட்டினாள்.

“பால்வாடிப் பிள்ளைகள் வகையில், குடம் ஒன்று, ரூபாய் ஆயிரத்து ஒன்று” என்று வாசித்தேன்.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. பேரனை மடியில் வைத்திருந்த தலைவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. வாங்கியாயிற்று, இனி திருப்பிச் செய்தாக வேண்டும், கூடச் சேர்த்து. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, மைக்கோடு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இன்னும் என்ன மாப்ள செய்யணும்ங்கிற?”

“காசு வேண்டாம் மாமா. வர்ற வருச வீட்டு வரியில பால்வாடிக்கு எம்புட்டு, அது எது எதுக்குச் செலவாச்சுன்னு ஃபிளக்ஸ்ல தனித்தனியா எழுதிப் போடுங்க. விழாச் செலவு அதுல வரக்கூடாது.”

“சரி, போட்டுருவோம்” என்றார், என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மைக்கை நான் அணைத்திருக்கவில்லை.